பழைய சேலைக்கும் ஒரு வேலை இருக்கு

தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் பண்ணும்போது நகரத்து நண்பர்கள் தவறாமல் கேட்பார்கள்: "பழைய துணி நிறையக் கிடக்கு, உங்க ஊர்ல யாருக்காச்சும் கொடுக்கலாமா?" நல்ல மனசுதான். ஆனா அந்தக் கேள்விக்குள்ளயே ஒரு தப்புக்கணக்கு இருக்கு.

எங்க சேத்தூரைச் சுத்திப் பாருங்க. தளவாய்புரமும் செட்டியார்பட்டியும் நைட்டி தைக்கிற ஊர்கள். சத்திரப்பட்டியில ஆஸ்பத்திரிக்குப் போற பேண்டேஜ் துணி நெய்யறாங்க. ராஜபாளையம் பூரா நூல் மில்லு. பொங்கலுக்கு ரேஷன் கடையில வேட்டி சேலை உண்டு, எம்.ஜி.ஆர். 1983ல் கொண்டுவந்த திட்டம். கிராமத்து ஆளு கட்டத் துணியில்லாம நிக்கிறான்ங்கிறதெல்லாம் பழைய சினிமா.

துணிக்குத் தட்டுப்பாடு வர்றது வெள்ளம், புயல் சமயத்துலதான். அப்பவும் எதையும் அனுப்பலாம்னு அர்த்தமில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரம் பழைய துணி குவியல் குவியலாக் கிடந்தது. வீடு வாசலை இழந்தவங்க அதைத் தொடலை. கடல்ல உழைச்சுச் சாப்பிட்ட சனம்; அடுத்தவர் கழிச்ச கிழிசலை எடுத்து உடுத்த மனசு வருமா?

தில்லியில 1999ல் அன்ஷு குப்தா தொடங்கிய 'கூஞ்ச்' அமைப்பு இதைச் சரியாப் புரிஞ்சுகிட்டது. ஊர்க்காரங்க சேர்ந்து குளம் வெட்டுறாங்க, ரோடு போடுறாங்க. அந்த உழைப்புக்கு வெகுமதியாத் துணி வாங்கிக்கிறாங்க. வாங்குறவர் தலை குனிய வேண்டியதில்லை.

அப்ப நஞ்சு போன துணியைத் தூக்கி எறியறதா? வேண்டாம். எங்க மலையடிவாரத்துல அதுக்குத்தான் கிராக்கி. காட்டுப்பன்னி இறங்குச்சுன்னா ஒரே ராத்திரியில மக்காச்சோளத்தையும் கடலையையும் உழுது போட்டுட்டுப் போயிரும். குச்சி நட்டு, தோட்டத்தைச் சுத்திப் பழைய சேலையைக் கட்டுவோம். காத்துல ஆடுற சேலையையும் மனுச வாடையையும் கண்டு கொஞ்ச நாளைக்கு மிரளும். அதுக்காகப் பழைய சேலையைக் காசு கொடுத்து வாங்குற சம்சாரிகளும் இருக்காங்க. சிந்தெடிக் சேலைன்னா வெயில் மழைக்கு இன்னும் கொஞ்சம் தாங்கும். பருத்திச் சேலை பயறு காயப்போட ஆகும். பழைய முழுக்கைச் சட்டை, கரும்பு வெட்டுறப்ப சோகை கையை அறுக்காம காக்கும்.

அதனால மூட்டை கட்டும்போது ரெண்டாக் கட்டுங்க. உடுத்துறதுக்குன்னா துவைச்சு, பட்டன் தைச்சு, தேய்ச்சு, உங்க வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் கையில கூசாமக் கொடுக்கிற மாதிரி இருக்கணும். உள்ளாடைன்னா புதுசு மட்டுந்தான். மத்ததை, "இது வேலிக்கு, தோட்டத்துக்கு"ன்னு உள்ளதைச் சொல்லிக் கொடுங்க, சந்தோஷமா வாங்கிக்குவோம். கிழிஞ்ச சேலையை வேலிக்குன்னு கொடுத்தா அது உதவி. அதையே கட்டிக்கச் சொல்லிக் கொடுத்துட்டு, தானம்னு பேர் வைக்காதீங்க.