அரேபியா என்று பெயரிடப்பட்ட ஒரு தாலாட்டு

கிறிஸ்துமஸ் காலம் வந்துவிட்டால் மேலைநாட்டு அரங்குகள் பலவற்றில் சைகோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' பாலே தவறாமல் மேடையேறிவிடும். 1892 டிசம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் மரின்ஸ்கி அரங்கில் முதன்முதலாக ஆடப்பட்ட படைப்பு அது. அதன் இரண்டாம் அங்கத்தில் காபி அராபிய நடனமாகவும் தேநீர் சீன நடனமாகவும் உருவெடுத்து வருகின்றன. அந்த அராபிய நடனம் குறித்தே இங்கு நாம் சில சொல்ல விழைகிறோம்.

சில நிமிடங்களே நீளும் இசை. ஒலி தணிக்கப்பட்ட வயோலாக்களும் செல்லோக்களும் சுருதிபோல ஓர் அடிநாதத்தை விடாது ஒலிக்க, அதன்மீது வயலின்கள் ஒரு மெட்டை மெல்லப் படரவிடுகின்றன. அம்மெட்டின் பிறப்பிடம் அரேபியா அன்று, ஜார்ஜியா. நோயுற்ற குழந்தைகளின் படுக்கையருகேயும் அங்கு பாடப்பட்டுவந்த 'இயவ்நானா' என்னும் தாலாட்டு வகையைச் சேர்ந்தது அது. திபிலிசி நகரில் பணியாற்றிய இசையமைப்பாளர் இப்போலிதோவ்-இவானோவ் வாயிலாகச் சைகோவ்ஸ்கியின் கைக்கு வந்தது.

1801இல் ஜார்ஜியாவின் கிழக்குப் பகுதியைத் தன்னோடு இணைத்துக்கொண்ட பேரரசு ரஷ்யா. அதன் தலைநகர மேடையில் ஜார்ஜியத் தாயின் பாட்டு அரேபியாவாக வேடமிட்டது. பேரரசின் கண்ணுக்குக் கிழக்கு என்பது ஒரே நிலப்பரப்புதான் போலும்! பின்வந்த நடன அமைப்பாளர்கள் பலரும் பெயரைப் பார்த்தே ஆட்டம் அமைத்தனர். இசைக்குச் செவிகொடுத்தவர் சிலரே. முகத்திரையும் இடையசைவும் மயக்கும் பார்வையுமாக அது நிலைபெற்றுவிட்டது. ஜார்ஜிய இசையமைப்பாளர் ஒருவரின் மகனான பாலன்சைன் 1954இல் நியூயார்க்கில் அமைத்த புகழ்பெற்ற ஆக்கத்திலும் அது அராபியக் காபியாகவே நின்றது என்பது வரலாற்றின் விந்தை.

சீன நடனத்தின் கேலிச் சைகைகளை நியூயார்க் நகர பாலே 2017இல் திருத்தியது, வரவேற்கத்தக்கதே. ஆனால் இத்தகைய நடனங்களை அடியோடு நீக்கிவிடுவதே தீர்வு என்போருடன் நாம் உடன்பட இயலவில்லை. அராபிய நடனத்தை நீக்கினால் மேடையின் பிழையோடு அந்தத் தாலாட்டும் மறையும். ஏற்கெனவே பெயரிழந்த பாட்டு குரலையும் இழக்கும். பிழை உடையிலும் அசைவிலும் இருக்கிறது. அவற்றை மாற்றலாம். நிகழ்ச்சித் தாளில் 'ஜார்ஜியத் தாலாட்டு' என ஒரு வரி சேர்க்கலாம். ஒரு தாய் தன் குழந்தையை உறங்கவைக்கும் ஆட்டமாக அதனை அமைத்துப் பார்க்கட்டும். இசை அதற்கு முற்றிலும் இடம் தரும் என்றே நாம் கருதுகிறோம்.