டாக்டருக்குப் பரிசு, நோயாளிக்குச் செலவு!

தென்காசியிலும் கடையநல்லூரிலும் சங்கரன்கோவிலிலும் மாலை நேரத்தில் டாக்டர் வீட்டு வாசலில் இரண்டு விதமான மனிதர்கள் காத்திருக்கிறார்கள். ஒருவர் நோயாளி. நாற்று நட்டு இடுப்பு விட்டுப்போன விவசாயத் தொழிலாளி, பஞ்சுத் தூசியில் இருமும் மில் தொழிலாளி, பீடி சுற்றிச் சுற்றி நெஞ்சு கட்டிய பெண். மற்றவர் கையில் பையுடன் நிற்கும் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. நோயாளி காசு கொண்டு வந்திருக்கிறார். கம்பெனி என்ன கொடுத்தனுப்பியிருக்கிறது? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

இந்தக் கேள்விக்குப் பதில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே இருக்கிறது.

சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் கம்பெனி, ஒரு சத்து மாத்திரையைப் பரப்புவதற்காக டாக்டர்களுக்கு வழங்கிய அன்பளிப்புகளுக்கு ஆன செலவு என்று ரூ. 4.72 கோடியைக் கணக்கில் காட்டி, அதற்கு வருமான வரி விலக்குக் கேட்டது. அன்பளிப்புகள் என்றால் எவை? தங்கக் காசு, டெலிவிஷன் பெட்டி, குளிர்சாதனப் பெட்டி, லேப்டாப்! டாக்டர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரிலேயே விதி செய்துவிட்டது. கம்பெனி என்ன வாதாடியது தெரியுமா? “விதி வாங்குகிறவரைத்தான் கட்டுப்படுத்தும், கொடுக்கிற எங்களைக் கட்டுப்படுத்தாது” என்றது! 2022 பிப்ரவரி 22-ல் சுப்ரீம் கோர்ட் இந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. வாங்குவது குற்றமென்றால் கொடுப்பதற்கு வரி விலக்குக் கிடையாது என்றது. இந்தப் பரிசுகளின் செலவு மருந்தின் விலையிலே ஏற்றப்பட்டு மக்கள் தலையில் விழுகிறது என்பதையும் எடுத்துக் காட்டியது.

ஆக, நம்மிடம் இரண்டு முறை பறிக்கப் பார்த்தார்கள். மருந்து விலையில் ஒரு முறை. சர்க்காருக்குச் சேர வேண்டிய வரியில் மறு முறை!

வாங்குபவன் ஒருவன், தேர்ந்தெடுப்பவர் ஒருவர்

சந்தையில் கத்தரிக்காய் வாங்கினால் நாமே புரட்டிப் பார்க்கிறோம், விலை பேசுகிறோம். மருந்துக் கடையில் அது முடியுமா? சீட்டில் எழுதிய பெயரை நீட்டுகிறோம். கேட்ட பணத்தைக் கொடுக்கிறோம். பணம் கொடுப்பவன் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்ந்தெடுப்பவர் பணம் கொடுப்பதில்லை. ஆகவேதான் கம்பெனியின் கண் நம்மீது இல்லை, டாக்டரின் பேனா மீது இருக்கிறது. மருந்து ஒன்றுதான், கம்பெனிகள் வைத்திருக்கும் வியாபாரப் பெயர்கள் நூறு. எந்தப் பெயர் சீட்டில் ஏறுகிறது என்பதில் இருக்கிறது அவர்களுடைய லாபம்.

2022 ஜூலையில் டோலோ மாத்திரை தயாரிக்கும் பெங்களூர் மைக்ரோ லேப்ஸ் கம்பெனியில் வருமான வரி இலாகா சோதனை நடத்தியது. டாக்டர்களுக்குக் கொடுக்கப்பட்ட இலவசங்கள் சுமார் ரூ. 1,000 கோடி இருக்கும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிக்கை விட்டது. கம்பெனி அதை மறுத்தது. உண்மை எதுவானாலும், இந்தக் கணக்கைப் பார்க்க ஜனங்களுக்கு வழி இல்லை என்பது மட்டும் மறுக்க முடியாதது.

குற்றாலத்தில் சாரல் விழும்போது குடும்பத்தோடு போய்ப் பேரருவியில் ஒரு நாள் குளித்து வருவதற்கு நம் தொழிலாளி பஸ் கட்டணத்தையும் இழக்கப்போகும் ஒரு நாள் கூலியையும் கணக்குப் பார்க்கிறான். 2024-ம் ஆண்டிலோ ஆப்வி என்ற அன்னிய மருந்துக் கம்பெனி, மாநாடு என்ற பெயரில் 30 டாக்டர்களைப் பாரிஸுக்கும் மொனாக்கோவுக்கும் அனுப்பிவைத்தது. செலவு ரூ. 1.91 கோடி. இதைக் கண்டுபிடித்த மத்திய சர்க்காரின் மருந்துத் துறை, அந்தக் கம்பெனிக்குக் கொடுத்த தண்டனை என்ன? கண்டனம்!

கள்ளனிடமே காவல்

ஏன் இந்தத் தயவு? 2024 மார்ச்சில் மத்திய சர்க்கார் வெளியிட்ட நடத்தை விதியைப் பாருங்கள். பரிசு கூடாது, பயணம் கூடாது, விருந்து கூடாது என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் புகாரை முதலில் யார் விசாரிப்பது? மருந்துக் கம்பெனிகளின் சங்கங்கள் அமைக்கும் கமிட்டி! பண்ணையார் மீதுள்ள புகாரைப் பண்ணையார் சங்கம் விசாரிப்பதைப் போன்றது இது. அதே மார்ச் மாதம் வெளியான தேர்தல் பத்திரப் பட்டியலில் மருந்துக் கம்பெனிகளின் பெயர்களும் வரிசையாக நின்றன என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்த அநியாயத்தைச் சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனது யார்? மருந்து விற்பனைப் பிரதிநிதிகளின் அகில இந்திய சம்மேளனம்! விதிக்குச் சட்டத்தின் பலம் வேண்டும் என்று அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பை தூக்கி வாசலில் நிற்கும் அந்த இளைஞரும் தொழிலாளிதான். இத்தனை விற்றாக வேண்டும் என்று மாதாமாதம் இலக்கு வைத்து முதலாளி விரட்டுகிறான். பழியும் அவர் தலையில் விழுகிறது. அவரை நாம் எதிரியாகக் கருதக் கூடாது.

டாக்டர்கள் எல்லோரையும் குற்றம் சாட்டுவதும் நம் நோக்கமல்ல. சொற்பக் கட்டணம் வாங்கி, நள்ளிரவிலும் கதவைத் திறக்கும் டாக்டர்கள் நம் ஊர்களில் உண்டு. அவர்களுடைய நல்ல பெயரைக் காப்பதற்கும் இந்த வழக்கம் ஒழிய வேண்டும்.

வேறு வழி இருக்கிறது

“மலிவு மருந்து என்றால் தரம் இருக்காது” என்கிறார்கள். நம் மாநிலத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை வியாபாரப் பெயரில்லாமல், மூலப் பெயரிலேயே மொத்தமாக வாங்கி, பரிசோதனைச் சாலையில் சோதித்து, சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. லட்சக்கணக்கான ஏழைகள் அந்த மாத்திரையில்தான் குணமடைகிறார்கள். அங்கே பரிசுமில்லை, பாரிஸுமில்லை! தரத்தில் சந்தேகமிருந்தால் சோதனையை இன்னும் கடுமையாக்குங்கள். பெயருக்காக எங்களைக் கொள்ளையடிக்காதீர்கள்.

வியாபாரப் பெயர்களைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்று ஹாத்தி கமிட்டி 1975-லேயே கூறியது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. மூலப் பெயரில் எழுத வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் விதி வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் அதே மாதத்திலேயே நிறுத்தி வைத்தது.

ஆகவே நாம் கோருகிறோம்:

நடத்தை விதியைத் தண்டனையுள்ள சட்டமாக்கு! விசாரணையைக் கம்பெனிகளின் சங்கங்களிடமிருந்து எடு!

எந்தக் கம்பெனி எந்த டாக்டருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைப் பகிரங்கமாக வெளியிடு! முதலாளித்துவ அமெரிக்காவிலேயே 2010-ல் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. இங்கே என்ன தடை?

பொதுத்துறையில் மருந்து உற்பத்தியைப் பெருக்கு! ஆரம்ப சுகாதார நிலையம் ஒவ்வொன்றிலும் மருந்து தட்டாமல் கிடைக்கச் செய்!

சட்டம் வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. “ஐயா, மருந்தின் மூலப் பெயரை எழுதிக் கொடுங்கள்” என்று டாக்டரிடம் மரியாதையாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. ஒரே மருந்துக்கு இரண்டு சீட்டில் இரண்டு விலை இருந்தால் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். கூலி உயர்வுக்குப் போராடி வாங்கிய ரூபாய் மருந்துக் கடையில் பறிபோவதைச் சங்கம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மில் வாசலிலும் களத்து மேட்டிலும் இதைப் பேசுங்கள். தனி ஆளாகக் கேட்டால் முணுமுணுப்பு; ஊர் கூடிக் கேட்டால் அது கோரிக்கை!