இந்தோனேசியாவைக் காட்டி ஏய்க்காதீர்!

"பெரும்பான்மையோர் மொழியே நாட்டு மொழி, இந்தோனேசியாவைப் பாருங்கள்" என்கிறார்கள் இந்தித் திணிப்பாளர்கள். பார்ப்போம், தோழர்களே!

அந்நாட்டில் பத்துப் பேரில் நான்கு பேர் ஜாவா இனத்தவர். ஆயினும் 1928 இளைஞர் மாநாடு ஜாவா மொழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. துறைமுகத்திலும் சந்தையிலும் தீவுதோறும் புழங்கிய மலாயையே, 'இந்தோனேசிய மொழி' என்ற பெயரில், ஒற்றுமை மொழியாக ஏற்றது. அது சிறுபான்மையோரின் தாய்மொழி. ஜாவாக்காரரும் மற்றவரைப்போல் படித்தே பழக வேண்டியிருந்தது. 1945 அரசியல் சட்டம் அதையே அரசு மொழியாக்கியது. தலையெண்ணி மொழி திணிப்போருக்கு இதில் எங்கே சான்று?

மலாயின் உறவுமொழி மௌரி. ஐந்துக்கு மலாயில் 'லிமா', மௌரியில் 'ரிமா'. நியூசிலாந்துப் பள்ளிகளில் மௌரி பேசிய பிள்ளைகளுக்கு அடி விழுந்தது. அம்மக்கள் சர்க்காருக்காகக் காத்திருக்கவில்லை. 1982-இல் மழலைகளைப் பாட்டி தாத்தாக்களிடம் அமர்த்தி 'மொழிக்கூடு' தொடங்கினர். 1987-இல் மௌரி ஆட்சிமொழியாயிற்று.

பிழைக்க வந்த ஊரில் அவ்வூர் மொழியைக் கற்போம்; அது கடமை. ஆனால் பிள்ளைக்குத் தமிழைக் கொடுக்க எந்தச் சர்க்காரும் வராது. பாட்டி வீட்டிலிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் இருக்கிறது. அனுப்புங்கள்!