பாட்டனார் சைக்கிளுக்குப் புது கியர்

சென்ற ஞாயிறன்று, மணவாள நகரில் என் மாணவன் ஒருவன் பாட்டனார் விட்டுச்சென்ற ராலி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். "ஐயா, பி.பி.யில் புது மரை வெட்டினால் கியர் மாட்டலாம் என்கிறார் பட்டறைக்காரர். வெட்டலாமா?" என்றான்.

"பொறு, தம்பி" என்றேன்.

1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்குமுன், நம் நாட்டில் ஓடிய சைக்கிள்களில் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. இவ்வண்டியும் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்ததே. ராலியார் பி.பி.க்கு அங்குலத்திற்கு 26 மரை வெட்டினர். இன்று கடையில் கிடைப்பவற்றுக்கோ 24. ஒன்றன்மேல் மற்றொன்றை வெட்டினால் இரும்பு நலியும். பழைய கிண்ணமும் மீண்டும் ஏறாது.

அப்படியாயின் புதுமையே கூடாதா? தாராளமாகக் கூடும். பழைய கிண்ணத்தை வைத்துக்கொண்டே, அதற்கிசைந்த சதுரமுனை அச்சைப் போட்டால் இக்காலத்து கிராங்க் பொருந்தும். பின்சக்கரத்திலேதான் சிரமம். பல பற்சக்கரங்கள் கொண்ட ஹப் 130 மில்லிமீட்டர் இடம் கேட்கும். பழைய சட்டத்தில் இருப்பதோ சுமார் 110. அதற்கு ஸ்டர்மி ஆர்ச்சரின் மூன்று வேக ஹப்பே உத்தமம். 1902-ல் நாட்டிங்காமில் தோன்றிய அப்பெயர் இன்று தைவானிலிருந்து வருகிறது. பற்களெல்லாம் ஹப்பினுள்ளே அடக்கம். சட்டத்தைச் சிறிதளவு விரித்தாலே அமையும். சங்கிலியின் கணு இடைவெளியோ அன்றும் இன்றும் அரை அங்குலமே!

வாசகர் வீட்டுப் பரணிலும் இத்தகைய வண்டி இருக்கலாம். கழற்றினால் பழையபடி ஆகக்கூடிய மாற்றத்தையே செய்யுங்கள். கழற்றிய கிராங்க்கையும் காட்டர் பின்னையும் எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள்.

தம்பி பட்டறைக்குப் போகவில்லை. அளவுகோலைத் தேடி வீடு திரும்பினான்.