இழுவலையும் இழுதூண்டிலும்: அந்தமான் கடலில் ஒரு பெயர்க்குழப்பம்

நீண்ட பதிவு, பொறுமையுள்ளோர் வாசிக்க. கடல்சார் ஆய்வில் இப்போதுதான் அடியெடுத்து வைக்கும் மாணவ நண்பர்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன்.

ஆய்வின் முதலாண்டில் நான் செய்த பிழையொன்றிலிருந்து தொடங்குகிறேன். 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரில், ஜங்லிகாட் மீன் இறங்குதளத்துக்கு விடியலில் வந்தணையும் டுங்கிகளைக் கணக்கெடுப்பது அப்போது என் பணி. டுங்கி என்பது இத்தீவுகளில் எங்கும் காணக்கிடைக்கும், எஞ்சின் பொருத்திய சிறு மரப்படகு. துணைக்கு வந்த தமிழ்வழி மாணவர்களுக்காகப் படிவத்தை நானே தமிழாக்கினேன். ஆங்கிலத்தில் ட்ராலிங் என்றும் ட்ரோலிங் என்றும் இரு சொற்கள் உண்டு. முன்னது கடலடியை வாரிவரும் மடிவலை. பின்னது ஓடும் படகின் பின்னால் நீரில் இழுபட்டு வரும் தூண்டில். நான் இரண்டையும் 'இழுவை' என்ற ஒரே கட்டத்தில் போட்டேன். ஏறத்தாழ மூன்று மாதத் தரவு அக்கட்டத்தில் சேர்ந்தது.

ஒருநாள், தெலுங்கு பேசும் முதியவர் ஒருவர் தம் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறேன் எனக் கேட்டார். எனக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினேன். அவர் சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "என் டுங்கியில் ஜால் எங்கே இருக்கிறது, இறங்கிவந்து காட்டு" என்றார். படகில் இருந்தவை மரக்கட்டையில் சுற்றிய இரண்டு தங்கூசி நரம்புச் சுருள்கள், முனையில் கம்பி, பளபளக்கும் பொய்யிரை, கொஞ்சம் டீசல், மூன்று நெய்மீன்கள். வலை இல்லை.

இவ்விரண்டையும் பிரித்தறிய, இப்பதிவில் பின்னதை இழுதூண்டில் என்றே குறிக்கிறேன். (சமூக ஊடகத்தில் ஒருவரைச் சீண்டுவதற்கு நாம் வழங்கும் 'ட்ரோல்' என்ற சொல்லும் இத்தூண்டிலிலிருந்து வந்ததாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. இரையைக் காட்டிக்கொண்டே போய், யார் கவ்வுகிறார்கள் எனப் பார்ப்பது. இப்பதிவின் கீழும் சிலர் முயலக்கூடும்.)

தொழில்நுட்பம் எளிது, ஆனால் அறிவு எளிதன்று. இத்தீவுகளைச் சுற்றிய கண்டத்திட்டு குறுகியது. பவளப்பாறை முடியும் விளிம்பில் அடிமட்டம் சரேலென இறங்குகிறது. அந்த விளிம்பில்தான் நீரோட்டம் சிற்றுயிர்களைத் திரட்டுகிறது. அவற்றைத் தேடிச் சிறுமீன் வருகிறது. சிறுமீனைத் துரத்தி நெய்மீனும் சீலாவும் பாரையும் சூரையும் வருகின்றன. படகு அவ்விளிம்பை ஒட்டியே ஓட வேண்டும். வேகம் குறைந்தால் பொய்யிரை செத்த பொருளாகத் தொங்கும். மிகுந்தால் நீர்மட்டத்துக்கு எழும்பித் துள்ளும். நெய்மீனின் பல் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முனையில் கம்பி வேண்டும். அக்கம்பி தடித்துவிட்டாலோ தெளிந்த நீரில் மீன் ஐயுற்று விலகிவிடும். பறவைக் கூட்டம் எங்கே தாழ்கிறது, ஓதம் எப்போது திரும்புகிறது, விடியலிலும் அந்தியிலும் எந்த அரைமணி நேரம் மீன் மேலெழுகிறது என்பவை எந்தக் கருவியிலும் பதிவாவதில்லை. கடித்த மீனை ஒவ்வொன்றாகக் கையால் இழுத்தேற்றுகிறார்கள். நிகோபாரியரின் புறச்சட்டம் பொருத்திய ஹோடிப் படகிலும், 1925 முதல் மாயாபந்தர் பக்கம் குடியேறிய கரேன் மக்களிடமும், ஆந்திரக் கடற்கரையிலிருந்து வந்தவர்களிடமும் இவ்வறிவு வெவ்வேறு மொழிகளில் இருக்கிறது.

இனி ஏன் இதை இப்போது எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

அந்தமான் நிகோபார் கடற்பரப்பின் மீன்வளத் திறன் 1.48 லட்சம் டன் என்றும், அதில் 60,000 டன் சூரை என்றும் ஒரு மதிப்பீடு அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. 2024 நவம்பரில் ஸ்வராஜ் தீவில் மீன்வள முதலீட்டாளர் சந்திப்பு நடந்தது. 2025 பிப்ரவரி நிதிநிலை அறிக்கை அந்தமானையும் லட்சத்தீவையும் சிறப்பாகக் குறிப்பிட்டு, ஆழ்கடல் மீன்வளத்துக்கான சட்டகம் வரும் என்றது. அவ்வாண்டு நவம்பரில் தனியுரிமைப் பொருளாதார மண்டலத்துக்கான விதிகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் வரவேற்கத்தக்கவை உண்டு. ஒளிவிளக்கு மீன்பிடிப்புக்கும் இணைப்படகு இழுவலைக்கும் தடை விதிக்கின்றன. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீனவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை தருகின்றன. பிடித்த மீனை நடுக்கடலிலேயே பெரிய தாய்க்கலத்துக்கு மாற்றும் முறைக்கு வழி செய்கின்றன. சிறு படகினருக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை என்பதும் நன்றே.

ஆனால் 'தேவையில்லை' என்பதற்கு ஆவண உலகில் இன்னொரு பொருளும் உண்டு. சீட்டு இல்லாதவருக்குப் பதிவும் இல்லை. 60,000 டன்னில் இன்று பிடிபடாத மிச்சம் எவ்வளவு எனக் கணக்கிடும்போது, ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருப்பவர் யார், எதைக்கொண்டு பிடிக்கிறார் என்ற வினா எழ வேண்டும். அதற்கு விடையளிக்க வேண்டிய நாம், ஆய்வாளர்கள், என்ன செய்து வைத்திருக்கிறோம்? 'தூண்டில் வகை' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறோம். அக்கட்டத்துக்குள் ஜங்லிகாட் முதியவரின் இரண்டு நரம்புகளும் இருக்கின்றன. பல கிலோமீட்டர் நீளத்துக்கு நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரத்தைத் தாண்டிய முட்களைத் தாங்கும் ஆயிரங்கால் தூண்டிலும் இருக்கிறது. மிதிவண்டியையும் சரக்கு ரயிலையும் 'சக்கர வாகனம்' என ஒரே வரியில் எழுதும் போக்குவரத்து ஆய்வை நாம் ஏற்போமா? என் பிழை வலையையும் தூண்டிலையும் ஒன்றாக்கியது. நம் துறையின் வழக்கம் தூண்டிலையும் தூண்டிலையும் ஒன்றாக்குகிறது. பின்னது நுட்பமானது, ஆகவே அதிகத் தீங்கானது.

இவ்வேறுபாடு வெறும் வகைப்பாட்டுச் சிக்கலன்று. ஆயிரங்கால் தூண்டிலில் கடலாமைகளும் சுறாக்களும் சிக்குவது உலகெங்கும் பதிவான செய்தி. கலத்தியா விரிகுடாவிலும் சிற்றந்தமான் கடற்கரைகளிலும் முட்டையிட வரும் தோணியாமைகள் கடக்கும் நீர் இது. இழுதூண்டிலிலோ ஒரு மீன் கடித்ததும் மீனவருக்குத் தெரிந்துவிடுகிறது. வேண்டாததை உயிரோடு விட அப்போதே வாய்ப்பிருக்கிறது. 'தூண்டில் தீங்கற்றது' என்றோ 'தூண்டில் ஆமையைக் கொல்கிறது' என்றோ பொதுவாக எழுதப்படும் எந்த வாக்கியமும் இவ்விருவரில் ஒருவரைப் பற்றிப் பொய் சொல்கிறது.

எதிர்வாதத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இழுதூண்டிலால் 60,000 டன்னை எட்ட முடியாது. அதன் கால்பங்கைக்கூட எட்டுமா என்பது ஐயமே. அது மேல்நீரில் திரியும் மீனையே பெரும்பாலும் பிடிக்கிறது. பெருங்கண் சூரையும் முதிர்ந்த மஞ்சள்துடுப்புச் சூரையும் பகலில் ஆழத்தில் இருப்பவை. எஞ்சின் இடைவிடாது ஓடுவதால் எரிபொருள் செலவு கொடியது. மீன் கடிக்காத நாளிலும் டீசல் எரிந்தே தீரும். இவற்றை மறைத்துச் சிறு படகைப் போற்றிப் பாடுவதில் எனக்கு விருப்பமில்லை. நான் கேட்பது வரிசையைப் பற்றி. முதலில் கலம், பிறகு ஐஸ், பிறகு சந்தை, கடைசியில் மீனவர் என்ற வரிசை நமக்குப் புதிதன்று. 2017இல் இராமேசுவரத்தில் தொடங்கிய திட்டம் நினைவிருக்கும். பாக் நீரிணையின் இழுவலைப் படகுகளுக்கு மாற்றாக மூன்றாண்டுகளில் 2,000 ஆழ்கடல் படகுகள் என்பது இலக்கு. படகொன்றின் விலை 80 லட்சம் ரூபாய். கணிசமான மானியம் இருந்தும் அவ்விலக்கின் அருகில்கூடச் செல்ல முடியவில்லை. விரிகுடாவில் அன்றாடம் போய்வந்தவரிடம் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கச் சொன்னோம். பிடிக்கும் சூரைக்கு நல்ல விலை தரும் சங்கிலியை அமைக்காமலே சொன்னோம். அந்தமானின் டுங்கிக்காரர் சூரையை ஏற்கெனவே அறிந்தவர். அவரிடம் இல்லாதது ஐஸ்.

சூரையின் உடல் சுற்றியுள்ள நீரைவிட வெப்பமானது. தூண்டிலில் போராடும்போது அவ்வெப்பம் இன்னும் ஏறுகிறது, தசையில் அமிலம் சேர்கிறது. ஏற்றியவுடன் குருதியை வடித்து, குடலை நீக்கி, ஐஸில் புதைத்தால் அது உயர்விலைச் சந்தைக்கு உரிய மீன். நண்பகல் வெயிலில் படகின் தளத்தில் கிடந்தால் தசை வெளிறி, நச்சுத்தன்மை கொண்ட ஹிஸ்டமின் உருவாகி, கருவாட்டுக்கே போகிறது. ஒரே கடல், ஒரே மீன், ஒரே கை. விலையைப் பிரிப்பது சில மணி நேரம். ஒவ்வொரு மீனும் தனித்தனியே கைக்கு வரும் இழுதூண்டில், இக்கவனத்துக்கு இயல்பிலேயே இடந்தருகிறது. 80 லட்சம் ரூபாய்ப் படகு ஒன்றுக்கு ஆகும் பணத்தில் எத்தனை டுங்கிகளுக்கு வெப்பங்காப்புப் பெட்டி தரலாம் என்பதை மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

வெளியுலகம் இதில் இரு பாதைகளைக் காட்டுகிறது. இரண்டும் சால்மன் மீனைப் பற்றியவை. (சால்மன் என்றதும் நம்மூர்க் காலா மீனை எண்ண வேண்டா. அதை ஆங்கிலத்தில் இந்தியச் சால்மன் என்பது மற்றொரு பெயர்க்குழப்பம்.) அலாஸ்காவின் தென்கிழக்கில் சிறு படகினர் இழுதூண்டிலால் சால்மன் பிடித்து வாழ்கின்றனர். கையால் சுற்றுவோருக்கும் விசையால் சுற்றுவோருக்கும் தனித்தனி உரிமம் உண்டு. ஒவ்வொரு மீனையும் கடலிலேயே குருதி வடித்துக் குளிர்விப்பதால், எம்முறையில் பிடித்தது என்பதே அங்கு விலைக்குரிய அடையாளம். மற்றொன்று மிச்சிகன் ஏரி. பெருகிவிட்ட அயல் சிறுமீனைத் தின்பதற்காக 1966இல் பசிபிக் கடலின் கோஹோ சால்மன் குஞ்சுகளை அதன் கிளையாறுகளில் விட்டார்கள். சில ஆண்டுகளில் சிறு படகில் பொழுதுபோக்காக இழுதூண்டில் போடுவோர் திரண்டனர். துறைமுக ஊர்கள் செழித்தன. ஆனால் அவ்வேரியில் வலை வீசிப் பிழைத்தோரை அம்மாநில அரசு படிப்படியாக ஒதுக்கியது. மீனின் மதிப்பு உணவிலிருந்து விளையாட்டுக்கு மாறியபோது, நீரின் மீதான உரிமையும் கைமாறியது.

அந்தமானில் இரண்டாவது பாதைக்கான விதை ஏற்கெனவே முளைத்துவிட்டது. பெரும்பாரையையும் மயில்மீனையும் தூண்டிலில் பிடித்து மீண்டும் நீரில் விடுவதற்காக வெளிநாட்டார் வருகின்றனர். அவர்களைப் படகேற்றிச் செல்வதில் உள்ளூர் இளைஞர் சிலருக்குப் பிழைப்பும் இருக்கிறது. அதை நான் பழிக்கவில்லை. என் வியப்பு வேறு. அதே விளிம்பில், அதே விடியலில், அதே வேகத்தில் பொய்யிரையை இழுத்துச் செல்லும் பயணிக்கு நம் சுற்றுலா ஏடுகள் 'வீரர்' என்கின்றன. டுங்கிக்காரருக்கு நம் ஆய்வேடுகள் 'மரபுசார், குறைந்த உற்பத்தித்திறன் கொண்ட' என்ற அடைமொழியைத் தருகின்றன. அச்சொற்றொடரை நானும் ஒரு கருத்தரங்கக் கட்டுரையில் எழுதியிருக்கிறேன். எதன் உற்பத்தித்திறன், எந்த அலகில், என்று யாரும் கேட்கவில்லை.

மாலத்தீவு இன்னொரு சான்று. அங்கு வரித்தூண்டிலில் ஒவ்வொன்றாகப் பிடிக்கப்படும் சூரைக்கு 2012இல் பன்னாட்டு நிலைத்தகைமைச் சான்று கிடைத்தது. பிடிப்புமுறை எதுவெனத் தெளிவாகப் பதிவான மீனுக்கே இத்தகைய சான்று சாத்தியம். 'தூண்டில் வகை' என்ற நம் கட்டத்தை வைத்துக்கொண்டு எவரும் எந்தச் சான்றும் கோர முடியாது.

என் பழைய மூன்று மாதத் தரவைத் திருத்த வழியில்லாமல் ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிட்டேன். புதிய படிவத்தில் இழுதூண்டில், ஓரிடத்தில் நின்று போடும் கைத்தூண்டில், ஆயிரங்கால் தூண்டில் ஆகிய மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம். இழுத்த நரம்புகளின் எண்ணிக்கை, ஓடிய மணி நேரம், எரிந்த டீசல், கொண்டுசென்ற ஐஸ் என நான்கு கூடுதல் கட்டங்கள். வரும் பருவத்தில் ஜங்லிகாட்டிலோ மாயாபந்தரிலோ தரவெடுக்கச் செல்வோர் கேட்டால் அனுப்புகிறேன். டீசல் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டா. மற்ற வினாக்களுக்கெல்லாம் நின்றபடியே விடை சொல்பவர்கள், அதைக் கேட்டதும்தான் படகின் விளிம்பில் உட்கார்ந்து பேசத் தொடங்குகிறார்கள்.