வண்டிக்கு ஒரு ஜாமீன்

பைக்குல நாடு நாடா சுத்துறவங்க எழுதுறதைப் படிச்சா பஞ்சர், மழை, மலைப்பாதைன்னு பக்கம் பக்கமா இருக்கும். கார்னே விஷயத்தை மட்டும் ஒரே வரியில முடிச்சிடுவாங்க. எனக்கு (பி.காம். புத்தி!) அதுதான் முக்கியம்.

கார்னேயை வண்டியோட பாஸ்போர்ட்னு சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். அது ஜாமீன் பத்திரம். வெளிநாட்டுல வண்டியை வித்துட்டு வந்துட்டா இறக்குமதி வரியை யார் கட்டுறது? கார்னே கொடுத்த ஆட்டோமொபைல் சங்கம் அதுக்குப் பொறுப்பு. சங்கம் சும்மா பொறுப்பேத்துக்குமா? உங்ககிட்ட டெபாசிட்டோ பேங்க் கேரண்டியோ வாங்கி வெச்சுக்கும்.

ஒவ்வொரு தாளும் மூணு துண்டு. உள்ளே போறப்ப சுங்கத்துல ஒண்ணைக் கிழிச்சுக்குவாங்க, வெளியே வர்றப்ப இன்னொண்ணு. அடிக்கட்டை உங்ககிட்ட; அதுல ரெண்டு முத்திரையும் இருக்கணும். எல்லாரும் உள்ளே விடுவாங்களான்னுதான் பயப்படுறாங்க. பயப்பட வேண்டியது வெளியேறும் முத்திரைக்கு!

2025 ஏப்ரல்ல அட்டாரி எல்லையை மூடுற வரைக்கும் ஐரோப்பாக்காரங்க துருக்கி, ஈரான், பாகிஸ்தான் வழியா இந்தியாவுக்கு பைக்லயே வந்தாங்க. ஈரானோட மிர்ஜாவே எல்லைக்குப் பாலைவனம் தாண்டி வந்து சேர்ந்தவருக்கு, அந்தப் பக்கம் போயிட்டா போதும்னுதான் இருக்கும். ஆனா பாஸ்போர்ட்ல குத்துறது ஆளுக்கு. வண்டிக்கு சுங்கம் தனி. அதை விட்டுட்டா, கணக்குப்படி வண்டி இன்னும் ஈரான்லயே நிக்குது. அப்புறம் ஊர்ல அதிகாரியைக் கூட்டிட்டு வந்து வண்டியைக் காட்டி, சான்றிதழ் வாங்கி, டெபாசிட்டுக்கு மல்லுக்கட்டணும்.

இதெல்லாம் அநியாயம்னு திட்டுறவங்க கட்சி நான் இல்லை. வரி வாங்காம உள்ளே விடுறவன் ஜாமீன் கேப்பான்தானே? என் கோபம் டெபாசிட் மேல. அவ்ளோ பணத்தை முடக்கி வைக்க முடியாதவனுக்கு எல்லாம் திறந்திருந்தும் மூடின மாதிரிதான். சில நாடுகள்ல டெபாசிட்டுக்குப் பதிலா இன்ஷூரன்ஸ் கட்டியே கார்னே வாங்கலாம். எல்லா இடத்துலயும் அது வந்தா என்னை மாதிரி பசங்களும் கிளம்பலாம் :-)