ரூபாய் செத்தது சரி, உங்கள் கொயின் எங்கே?

"2022இல் ரூபாய் செத்தது. கிரிப்டோவில் போட்டவன் பிழைத்தான். அதில் வட்டியும் இல்லை, ஆகவே ஹலால்." இலங்கையின் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கிரிப்டோவுக்கு ஆள் சேர்க்க வரும் சகோதரர்களின் வாதம் இவ்வளவுதான். இதில் முதல் வசனம் மட்டுமே உண்மை.

அந்த வருடத் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர், முடிவில் 360ஐத் தாண்டியது. அதே வருடம் பிட்கொயின் சுமார் 46,000 டொலரிலிருந்து 16,500க்கு விழுந்ததைச் சகோதரர் ஏன் விழுங்குகிறார்? பெருக்கிப் பாருங்கள். 92 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய ஒரு பிட்கொயின், வருடக் கடைசியில் சுமார் 60 இலட்சம். செத்த ரூபாயில் கணக்குப் பார்த்தும் மூன்றில் ஒரு பங்கு நட்டம்! தங்கமோ டொலரில் இருந்த இடத்திலேயே நின்று, ரூபாயில் 80 சதவீதமளவு ஏறியது. சகோதரரே, கிரிப்டோவில் போட அடகு வைக்கச் சொல்லி நீங்கள் கழற்றவைத்த வளையல்தான் அந்த வருடம் பிழைத்தது.

2024 டிசம்பரில் பிட்கொயின் ஒரு இலட்சம் டொலரைத் தாண்டியதே என்பார். தாண்டியதுதான். சகோதரரே, நீங்கள் காசு வாங்கியது பிட்கொயினுக்கா? நீங்கள் ஆள் சேர்த்த எம்.டி.எஃப்.ஈ. என்ற ஆப்பில் போட்டவர்களிடம் இருந்தது திரையில் ஓர் எண். 2023 ஓகஸ்டில் அந்தப் பணத்தை எடுக்க முடியாமல் போனது. பிறகு கணக்கு பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, போட்டவனையே கடன்காரன் ஆக்கியது. அதையும் ஓன்மேக்ஸ் டிடி, ஸ்போர்ட்ஸ் செயின் போன்றவற்றையும் தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று மத்திய வங்கி பெயர் சொல்லியே அறிவித்தது. நடத்துவது மட்டுமல்ல, ஆள் சேர்ப்பதும் குற்றம். கத்தாரில் வெயிலில் நின்று உழைத்தவனின் காசுக்குக் கமிஷன் எடுத்தவர் "நானும் பாதிக்கப்பட்டவன்" என்று தப்ப முடியாது.

வட்டி இல்லாததெல்லாம் ஹலால் என்றால் சூதாட்டமும் ஹலால்தான், அதிலும் வட்டி இல்லை. பிட்கொயினில் உலமாக்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தி 2018இல் கூடாதென்றார். மலேசியப் பங்குகள் ஆணைக்குழுவின் ஷரீஆ சபை 2020இல் நிபந்தனைகளோடு ஆகுமென்றது. அந்த வேறுபாட்டுக்குள் ஆள்பிடிக்கும் ஆப்பை ஒளித்துக்கொண்டு வராதீர்கள்.

இதற்குப் பிறகும் வாங்கியே தீருவேன் என்பவருக்கு: கிரிப்டோவுக்கு வங்கி அட்டையால் பணம் செலுத்த 2021இலிருந்தே அனுமதியில்லை. ஏமாந்தால் இங்கே முறையிடப் பொறுப்பான நிறுவனமும் இல்லை. போனால் போகட்டும் என்று விடக்கூடிய காசை மட்டும் தொடுங்கள். சீட்டுக்காசும் நகையும் அதில் சேராது. வாங்கிய கொயினை உங்கள் சொந்த வொலட்டுக்கு மாற்றித் தருமாறு விற்றவரிடம் சொல்லுங்கள். மாட்டேன் என்றால் அங்கே கொயின் இல்லை. மாற்றித் தந்தால், அந்த வொலட்டின் இரகசியச் சொற்களை அவரிடமும் சொல்லாதீர்கள்.